கதவைத் தாண்டாதவர்களின் பில்

மாதத்தில் ஒரு நாள் எனக்கு அக்காவின் கடையில் வேலை இருந்தது. அந்த நாளை முதலில் குறித்துவிட்டுத்தான் மற்ற நாட்களை அட்டவணையில் நிரப்புவேன். இப்போது அந்தக் கடை என் பட்டியலில் இல்லை. நிரப்ப வேறு கடைகள் இருக்கின்றன, நிரம்பியும் விடுகிறது. ஆனாலும் மாதத் தொடக்கத்தில் வெற்றுத் தாளை எடுத்து மேசையில் வைத்தால், எங்கிருந்து தொடங்குவது என்று கொஞ்ச நேரம் தெரிவதில்லை.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னணுவியல் படித்துவிட்டு, சிறு நகரங்களில் பலசரக்குக் கடைகள் வைத்திருக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். குளிரூட்டிய அறை, கண்ணாடிக் கதவு, வெள்ளை டைல்ஸ், எல்லா ஊரிலும் ஒரே நிறத்தில் பெயர்ப்பலகை. கடைகளில் பாதியைக் கம்பெனியே நடத்துகிறது. மீதியை உள்ளூர்க்காரர்களுக்கு ஒப்பந்தத்தில் கொடுத்திருக்கிறது. பெயர், சாமான், எந்தத் தட்டில் எது இருக்க வேண்டும் என்ற படம், திறக்கும் நேரம், மூடும் நேரம் எல்லாம் கம்பெனியுடையவை. நிற்கும் கால்கள் மட்டும் ஒப்பந்தக்காரருடையவை. நான் கேகாலையில் ஓர் அறை எடுத்துத் தங்கி, மாவட்டத்தில் உள்ள கடைகளுக்கு மாதம் ஒரு முறை போய் ஐந்து பொருட்களைச் சோதிப்பேன்: பில் மெசின், பார்கோட் வாசிக்கும் கருவி, குளிர்ப்பெட்டிகள், கேமராக்கள், கதவுக்கு மேலே இருக்கும் ஆள் எண்ணும் கருவி. ஒவ்வொன்றுக்கும் எதிரே சரி அல்லது பழுது என்று குறித்து, கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். கம்பெனியின் கேகாலைக் கடையில் ஏழு வருடம் காசாளராக நின்றவள். தெரணியகலை வீதியில், எங்கள் றப்பர் தோட்டம் இறங்கி முடிகிற சந்தியில் ஒரு கடை ஒப்பந்தத்துக்கு வருகிறது என்று தெரிந்ததும் விண்ணப்பித்தாள். மூன்று வருட ஒப்பந்தம் கிடைத்தது. தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயங்களில் இருந்து போய் அந்தச் சந்தியில் கடை நடத்திய முதல் ஆள் அவள்தான். ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தைப் பிரதி எடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, அவள் கணவர் லயத்து வீட்டில் இயேசு படத்துக்குக் கீழே மாட்டினார். அக்கா கழற்றச் சொன்னாள். அத்தான் கழற்றவில்லை.

மற்றக் கடைகளை முந்திய நாட்களிலேயே முடித்துவிட்டு, அக்காவின் கடைக்கு ஒரு முழு நாள் ஒதுக்குவேன். ஐந்து பொருட்களைச் சோதிக்க இரண்டு மணி நேரம் போதும். மிச்சம் எனக்கு. பில் மெசினுக்குப் பின்னால் உயரம் குறைந்த ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு, அவள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பதினொரு மணிக்குக் கடை மாறும். விடியலில் றப்பர் பால் வெட்டப் போனவர்கள் மலையிலிருந்து இறங்கி, பால் ஸ்டோரில் வாளிகளை நிறுத்துக் கொடுத்துவிட்டுச் சந்திக்கு வரும் நேரம் அது. கைகளிலும் சட்டையிலும் றப்பர் பால் காய்ந்து நூல் நூலாகத் தொங்கும். ஆட்கள் வளைவில் திரும்புவதற்கு முன்பே அந்தப் புளித்த வாசம் வந்துவிடும். அவர்கள் கடைக்குள் வரமாட்டார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே இரண்டு சீமெந்துப் படிகள். கீழ்ப்படியில் நின்று குரல் கொடுப்பார்கள்.

"புள்ள! ஒரு பாணு. நெத்தலி பாக்கெட்டு ஒண்ணு."

"அக்கா, சவுக்காரம். நேத்துத் தந்தது வேணாம், அதுல நுரையே வரல."

"தங்கச்சி, கொப்பி ரெண்டு. கோடு போட்டது."

அக்கா தலை தூக்கமாட்டாள். குரலிலேயே ஆளைத் தெரியும். ஆளைத் தெரிந்தால் எந்தச் சவர்க்காரம் என்பதும் தெரியும். சாமானை எடுத்து, மெசினில் காட்டி, பில்லைக் கிழித்து, கதவை இடுப்பால் தள்ளித் திறந்து, இரண்டு காலையும் உள்ளேயே ஊன்றிக்கொண்டு கையை நீட்டிக் கொடுப்பாள். குளிர்காற்று அவள் தோளுக்கு மேலாக வெளியே போகும். படியில் நிற்கும் யாராவது ஒருத்தி "அப்பாடா" என்பாள்.

மேட்டு லயத்து மதினி ஒருத்தி இருந்தாள். அத்தானுக்கு ஒன்றுவிட்ட அக்கா முறை. அக்காவைக் கேலி பேச உரிமை உள்ளவள்.

"என்ன முதலாளியம்மா, ஐஸ் பெட்டிக்குள்ள நிக்கிற மாதிரி நிக்கிறீங்க. வெளிய வந்தா கெட்டுப் போயிருவீங்களா?"

"உள்ள வாங்க மதினி. ஒங்களையும் வச்சி மூடுறேன். ரெண்டு மாசத்துக்குத் தாங்கும்."

"நான் வந்தா ஒன் தரையில பால் சொட்டும்டி. கறுத்துப் போகும். அப்புறம் ஒன் கம்பெனிக்காரன் என்னைப் புடிச்சி அந்தத் தட்டுல அடுக்கிருவான்."

அது உண்மை. றப்பர் பால் டைல்ஸில் சொட்டினால் முதலில் தெரியாது, வெள்ளையில் வெள்ளை. காய்ந்த பிறகுதான் கறுக்கும். துடைத்தால் போகாது, சுரண்ட வேண்டும். அதற்காக மட்டும்தான் அவர்கள் உள்ளே வரவில்லை என்றும் சொல்ல முடியாது. வேலை உடுப்போடு தோட்டத்து ஆபீசுக்குள்ளும் டிஸ்பென்சரிக்குள்ளும் போகாத ஆட்கள் நாங்கள். தரை பளபளக்கிற எந்த இடத்திலும் வெளியே நின்று கூப்பிடுவதுதான் எங்கள் பழக்கம். சின்ன வயதில் நானும் அப்படித்தான் நின்றிருக்கிறேன். அதனால் மூன்று வருடமும் அது என் கண்முன்னால் நடந்தது. என் கண்ணில் படவில்லை.

இரண்டு மணிக்குக் கூட்டம் ஓயும். பின்னறையில் சோடாப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு, கதவு தெரிகிற மாதிரி உட்கார்ந்து சாப்பிடுவோம். அக்கா வீட்டிலிருந்து ஒரே டப்பாவில் இரண்டு பேருக்கும் கொண்டுவருவாள்: சோறு, பருப்பு, பொல் சம்பல். டப்பாவைத் திறந்ததும், "மூணு விஷயம் இருக்கு" என்பாள். நான் பட்டியல் போடுகிறவள் என்று அவளுக்குத் தெரியும். எனக்காகத்தான் அப்படி ஆரம்பிப்பாள். மூன்று சொல்லி முடிந்ததும் எப்போதும் நான்காவது ஒன்று வரும். அந்த நான்காவதுதான் உண்மையான விஷயம்.

பல மாதங்களில் அந்த நான்காவது, கம்பெனியைப் பற்றியதாக இருந்தது. ஒரு மாதம் பூனைத் தீனி வந்தது. ஒரு முழுத் தட்டு, கண் மட்டத்தில், படத்தில் காட்டியிருக்கிறபடி. சந்தியில் இருந்த பூனைகள் எல்லாம் மீன் வண்டிக்குப் பின்னால் ஓடுகிறவை. படியில் நின்ற பெண்கள் கண்ணாடி வழியாக அந்தப் பாக்கெட்டில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, அது பூனைக்கறி என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். திருப்பி அனுப்ப அக்கா கேட்டாள், முடியாது என்றார்கள். சந்திப் பேக்கரியின் பாணை வாங்கி வைக்கக் கேட்டாள். கம்பெனிப் பாண் மட்டும்தான் என்றார்கள். அது காலை லொறியில், பிளாஸ்டிக் பையில் வேர்த்துக்கொண்டு வரும். பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணி ஆராதனைக்காகக் கடையை மத்தியானம் மூடக் கேட்டாள். ஒப்பந்தத்தின் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் வந்தது. அன்றைக்கு அவள் பில் மெசினுக்குப் பக்கத்தில் நின்றபடியே, உதடு அசையாமல் ஜெபம் செய்தாள் என்று அத்தான் சொன்னார்.

இதையெல்லாம் அவள் கோபமாகச் சொல்லவில்லை. "மூணு வருஷம் முடியட்டும். ரெண்டாவது தடவை கையெழுத்துப் போடுறப்போ நாலு விஷயம் கேப்பேன்" என்பாள். அந்த இரண்டாவது கையெழுத்துத்தான் அவளுக்கு எல்லாமும். முதல் முறை தெரியாமல் போட்டது, இரண்டாவது முறை தெரிந்து போடுவது என்பாள்.

ஒப்பந்தம் முடிய ஐந்து மாதம் இருந்தபோது, எங்கள் மாவட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரி என்னைக் கேகாலை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். மாவனல்லைப் பக்கத்து முஸ்லிம். சிங்களக் கடைக்காரர்கள் அவரைச் சேர் என்பார்கள். தமிழ் பேசுகிற நாங்கள் எல்லோரும், அவர்கள் பேச்சில் அண்ணனைச் சொல்கிறபடி, நானா என்போம். இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இதப் பாருங்க தங்கச்சி. ஒங்கட தாத்தாட கடைக்குள்ள வந்த ஆள் இவ்வளவு. போட்ட பில் இவ்வளவு. கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஈக்குது. வராத மனுசனுக்கு எப்படி பில் போடுற?"

அக்காவை அவர்கள் பேச்சில் தாத்தா என்பார்கள். எண்களைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்தச் சொல் ஒரு நொடி தடுக்கியது.

பில்லின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் கம்பெனி கடைகளை வரிசைப்படுத்துகிறது. வரிசையைப் பார்த்துத்தான் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறது. ஓர் ஆள் வாங்கிய சாமானை இரண்டு மூன்று பில்லாகப் பிரித்துப் போட்டு அக்கா வரிசையில் மேலே ஏறுகிறாள் என்று தலைமை அலுவலகத்தில் யாரோ நினைத்திருந்தார்கள்.

"எங்கக்கா அப்படிச் செய்யமாட்டாங்க நானா."

"எனக்குத் தெரியும். அதான் ஒங்களையே அனுப்புறன். கொழும்புல இருந்து ஆள் வந்தா இது பெருசாப் போகும். மெசினப் பாருங்க. என்ன ஈக்குதோ அத எழுதுங்க. நீங்க எழுதினா மேல நம்புவாங்க."

அந்தக் கடைசி வசனம் எனக்குப் பிடித்திருந்தது. பஸ்ஸில் போகும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

ஆள் எண்ணும் கருவி எளிமையானது. கதவுக்கு மேலிருந்து இரண்டு கதிர்கள் இறங்கும். ஒன்று வெளிப்பக்கம், ஒன்று உட்பக்கம். வெளிக்கதிரை முதலிலும் உட்கதிரை அடுத்ததாகவும் ஒருவர் வெட்டினால், ஓர் ஆள் உள்ளே வந்தார் என்று எண்ணிக்கொள்ளும். ஏணி போட்டு ஏறிக் கண்ணாடியைத் துடைத்தேன். கம்பியைக் கழற்றி மாட்டினேன். நானே பத்துத் தடவை உள்ளே போய் வெளியே வந்தேன். பத்து என்று காட்டியது. அக்கா பில் மெசினில் இருந்து பார்த்துச் சிரித்தாள்.

"என்னடி, கல்யாணப் பொண்ணு மாதிரி வாசல்லயே போய்ப் போய் வர்ற? வலது காலை வச்சி வா."

பதினொரு மணிக்கு வாசம் வந்தது. குரல்கள் வந்தன. அக்கா கதவை இடுப்பால் தள்ளினாள், கையை நீட்டினாள், திரும்பினாள். நான் ஏணியின் மேலேயே இருந்தேன். உட்கதிரை முதலில் அவள் தோள் வெட்டியது. வெளிக்கதிரை அதற்குப் பிறகுதான் அவள் கை வெட்டியது, அதை உள்ளே வந்த ஆளாகக் கருவி எடுக்காது. படியில் நின்றவர்கள் அதற்கும் அப்பால் நின்றார்கள். கருவி அசையவில்லை. மதினி வாங்கிப் போனாள். அசையவில்லை. கொப்பி வாங்கியவள் போனாள். கருவி அப்படியே இருந்தது.

நான் இறங்கி, நோட்டுப் புத்தகத்தில் ஒரு கோடு போட்டு இரண்டு பத்தியாகப் பிரித்தேன். உள்ளே வந்தவர்கள், படியில் நின்றவர்கள். சாயங்காலம் வரை ஒவ்வொருவருக்கும் ஒரு குறி. இரண்டு பத்தியையும் கூட்டினால், நான் குறித்த நேரத்தில் போட்ட பில்லின் எண்ணிக்கை வந்தது. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த நேரத்தில் நான் பட்ட சந்தோஷத்தை இப்போது நினைக்கக் கூச்சமாக இருக்கிறது.

"அக்கா, கண்டுபிடிச்சிட்டேன்!"

நான் விளக்கியதைக் கேட்டுக்கொண்டே அவள் கண்ணாடிக் கதவைத் துடைத்தாள். கேட்டு முடித்ததும் துணியை மடித்து வைத்தாள்.

"அதை எழுதாத."

"ஏன்? நீ களவா பில் போடலன்னு இதுதானே காட்டுது."

"ஒப்பந்தத்துல இருக்கு. விக்கிறது எல்லாம் கதவுக்கு உள்ளதான் விக்கணும். வாசல்ல குடுக்கக் கூடாது. ரெண்டு வருஷத்துக்கு முன்ன ஒரு தடவை நானா பாத்துட்டு, பாக்காத மாதிரி போனாரு."

"அப்போ என்ன எழுதுறது?"

"மெசின் பழுதுன்னு எழுது. புது மெசின் போடுவாங்க. அதுக்குள்ள அஞ்சு மாசம் ஓடிரும்."

"பழுது இல்லையே அக்கா."

"தெரியும். பழுதுன்னு எழுதினா மெசினுக்கு என்ன வேலையா போகப் போகுது?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நான் அவளுக்கு மூன்று காரணம் சொன்னேன். ஒன்று, பழுது என்று எழுதினால் கொழும்பிலிருந்து வேறு ஆள் வந்து பார்ப்பார், பழுதில்லை என்று கண்டுபிடிப்பார். இரண்டு, அப்போது களவு என்ற சந்தேகம் உறுதியாகிவிடும். மூன்று, உண்மையைச் சொல்லி, ஏன் அப்படி நடக்கிறது என்றும் விளக்கினால், கேட்கிறவர்களுக்குப் புரியும். மூன்றும் இன்றைக்கும் தப்பான காரணங்கள் இல்லை. மூன்றாவதில் மட்டும், கேட்கிறவர்கள் யார் என்று நான் யோசிக்கவில்லை.

நான்காவது ஒன்றும் இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. என் கையெழுத்துக்குக் கீழே ஒரு பொய் இருப்பதை என்னால் பொறுக்க முடியாது.

"ஒனக்கு எல்லாம் சரியா இருக்கணும்" என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கு நாங்கள் இருவரும் சாப்பிடாமல் விட்ட டப்பாவை என்னிடமே கொடுத்து அனுப்பினாள்.

அடுத்த நாள் காலையில் நான்கு பக்க அறிக்கை எழுதினேன். படம் வரைந்தேன். கதிர்கள் எங்கே இறங்குகின்றன, படி எங்கே இருக்கிறது, ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்று அம்புக்குறி போட்டேன். றப்பர் பால் டைல்ஸில் என்ன செய்யும் என்று ஒரு பந்தி எழுதினேன். கடைசியில் பரிந்துரை: பில் மெசினுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு ஜன்னல் வைத்தால், வேலை உடுப்போடு வருகிறவர்களுக்கு அதன் வழியாக விற்கலாம், கருவி ஒன்றை அங்கேயும் பொருத்தலாம். அந்த ஜன்னலின் அளவைக்கூடக் கொடுத்திருந்தேன்.

பதில் மூன்று வாரத்தில் வந்தது. நானா அதைத் தானே கொண்டு வந்தார். நானும் அங்கே இருக்கட்டும் என்று என் மாத வேலை நாளையே தேர்ந்தெடுத்திருந்தார். பில் சம்பந்தமான சந்தேகம் நீங்கிவிட்டது. கதவுக்கு வெளியே விற்பது ஒப்பந்த மீறல். ஒரு மாதத்துக்குள் நிறுத்த வேண்டும். ஜன்னலைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

"தங்கச்சி, நான் சொல்றதக் கேளுங்க" என்று நானா அக்காவிடம் சொன்னார். "ஆள் உள்ளுக்கு வரோணும். தட்டுகளத் தாண்டி நடக்கோணும். நடந்தாத்தான் பாண் வாங்க வந்தவ பிஸ்கட்டும் எடுப்பா. இந்தக் கடையக் கட்டினதே அதுக்குத்தான். படியில நின்டா அவ பாண் மட்டும்தான் கேப்பா."

"அவங்களுக்குப் பாண் மட்டும்தானே வேணும்."

"அது எனக்கு விளங்குது. மேல விளங்கல்ல. எனக்கும் பதில் சொல்ல ஏலாம ஈக்குது."

அவர் கெட்டவர் இல்லை. போகும்போது ஒரு பூனைத் தீனிப் பாக்கெட்டைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனார். அவர் வீட்டில் பூனை இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

அக்கா முயற்சி செய்தாள். பதினொரு மணிக்குக் கதவை முழுதாகத் திறந்து வைத்து, "உள்ள வாங்க, எல்லாரும் உள்ள வாங்க, சட்டம் வந்திருச்சு" என்று கூப்பிட்டாள். வாசலிலிருந்து பில் மெசின் வரை சாக்கு விரித்தாள். கேமராவில் அதைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் சொன்னார்கள், கடைப் படத்தில் சாக்கு இல்லை என்று. எடுத்தாள். அடுத்த மாதம் நான் போனபோது மதினி உள்ளே வந்ததைப் பார்த்தேன். செருப்பைக் கீழ்ப்படியில் கழற்றிவிட்டு, இரண்டு கையையும் தண்ணீர் ஏந்துவதுபோலச் சேர்த்து, முழங்கையில் இருந்து எதுவும் சொட்டிவிடாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். குளிரில் தோள் குறுகியது. சந்தியே கேட்கப் பேசுகிறவள், உள்ளே வந்து பாண் என்று சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அப்படியும் ஒரு சொட்டு விழுந்தது. குனிந்து சேலைத் தலைப்பால் அதைத் துடைக்கப் பார்த்தாள்.

"விடுங்க மதினி, நான் பாத்துக்கிறேன்."

"இல்ல புள்ள. ஒனக்கு எழுதிப் போடுவாங்க."

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. அவளைப் போலப் பலரும் வரவில்லை. பால் ஸ்டோரிலிருந்து எதிர்ப்பக்கம் இறங்கினால், அரை மணி நேர நடையில், வெளியே நின்றே வாங்குகிற மாதிரி முன்னால் பலகை வைத்த ஒரு பழைய கடை இருந்தது, அங்கே போனார்கள். பதினொரு மணிக்கு அக்கா சும்மா நிற்கத் தொடங்கினாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து, அவள் ஏற்கெனவே நேராக இருந்த பாக்கெட்டுகளை நேராக்குவதைப் பார்த்தேன். அன்றைக்கு எண்ணும் கருவி கொடுத்த எண்ணும் பில் மெசின் கொடுத்த எண்ணும் ஒன்றாகவே இருந்தன. ஐந்துக்கும் எதிரே சரி என்று குறித்தேன்.

பிறகு ஒரு நாள் நல்ல மழை. மழை பிடித்தால் பால் வெட்டு இல்லை, பால் மழைநீரோடு மரத்தில் வழிந்து ஓடிவிடும். அன்றைக்கு வெட்டிய பிறகுதான் மழை பிடித்திருந்தது. பாதி வாளிகளோடு இறங்கியவர்கள் பொலித்தீன் போர்த்திக்கொண்டு, எதிர்ப்பக்கத்து வழி சறுக்குகிறது என்று சந்திக்கு வந்தார்கள். கடைக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்துக் கூரைக்குள் நின்றார்கள். யாரும் குரல் கொடுக்கவில்லை. நான் அங்கே இல்லை. இதை அத்தான் சொல்லித்தான் தெரியும். அக்கா கொஞ்ச நேரம் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கதவை இடுப்பால் தள்ளித் திறந்தாள்.

"ஏய், யாருக்கு என்ன வேணும்? கத்துங்க, மழையில காது கேக்கல!"

கத்தினார்கள். ஒவ்வொருவராக ரோட்டைத் தாண்டி ஓடி வந்து படியில் நின்று வாங்கிப் போனார்கள். எல்லோருக்கும் கொடுத்து முடியும் வரை அவள் கதவை மூடவில்லை. முன்வாசல் கேமராவில் அது முழுவதும் தெளிவாகப் பதிந்திருந்தது. அந்தக் கேமராவின் கண்ணாடியைப் பத்து நாளுக்கு முன்னால் துடைத்து, சரி என்று எழுதியவள் நான்.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படமாட்டாது என்ற கடிதம் ஒரு பக்கம்தான். கையளிக்கும் நாளில் நானா சாமான் பட்டியலைத் தட்டுத் தட்டாக வாசித்தார். அக்கா "இருக்கு, இருக்கு" என்று சொல்லிக்கொண்டே போனாள். நான் என் ஐந்து பொருட்களைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டேன். அதற்கும் ஓர் ஆள் வேண்டும் அல்லவா. சாவியைக் கொடுத்த பிறகு அக்கா வாசலில் நின்று, "நானா, அந்த மூலைக் குளிர்ப்பெட்டி கதவு சரியா மூடாது. கீழ தட்டி மூடச் சொல்லுங்க" என்றாள். நானா தலையை ஆட்டினார். என் படிவத்தில் அதற்கு எதிரே சரி என்று இருந்தது. கீழே தட்டினால் மூடும் என்பதால் சரி.

அக்காவும் அத்தானும் இப்போது கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில் இருக்கிறார்கள். அவள் ஒரு மருந்துக் கடையில் காசாளர். முதல் ஒப்பந்தத்தின் பிரதி இன்னும் லயத்து வீட்டில்தான் தொங்குகிறது. ஓரங்களில் ஈரம் ஏறியிருக்கிறது. சந்திக் கடையைக் கம்பெனியே நடத்துகிறது. அதை வேறொரு தொழில்நுட்பவியலாளரின் பட்டியலுக்கு மாற்றித் தரும்படி நான் கேட்டேன். காரணம் கேட்காமல் நானா மாற்றிக் கொடுத்தார்.

வாரம் ஒரு முறை அக்கா தொலைபேசியில் பேசுகிறாள். சாப்பிட்டியா, வேலை எப்படி, மழையா. மூன்று விஷயம் என்று அவள் இப்போது ஆரம்பிப்பதில்லை. நான் மூன்று விஷயம் தயாராக வைத்திருக்கிறேன், அவள் கேட்டதும் சொல்கிறேன், அதோடு வைத்துவிடுகிறோம். அவள் என்னைத் திட்ட வேண்டும் என்று நான் காத்திருந்தேன். திட்டினால் அதற்குப் பிறகு பழையபடி பேசுவாள் என்று ஒரு கணக்கு. ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. திட்டவில்லை.

போன கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் லீவில் வந்தாள். முந்திய நாள் மத்தியானம் லயத்து வீட்டில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தோம். அத்தான் எண்ணெய் வாங்கப் போயிருந்தார். நானே ஆரம்பித்தேன்.

"அக்கா, நான் அந்த ரிப்போர்ட் எழுதினது..."

அவள் முறுக்கு உரலைத் திருகிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. அவள் சொல்லக்கூடியவற்றை நான் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தேன். விடு, பழசு என்று சொல்லலாம். எல்லாம் நல்லதுக்குத்தான், அங்கே நேரத்துக்கு வீட்டுக்குப் போகிறேன், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லலாம். நீ எழுதாவிட்டாலும் வேறொரு பிரிவு எண்ணைக் காட்டி எடுத்திருப்பார்கள் என்றும் சொல்லலாம். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது.

"நீ எழுதாம இருந்திருந்தா நான் இப்பவும் அங்கதான் நிப்பேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. ஒரு சாமான் எந்தத் தட்டில் இருக்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். "எனக்கு அதுதான் வேணும். வேற எதுவும் எனக்குப் பழகல."

"எனக்கும்தான் அக்கா."

"தெரியும்."

உரலில் மாவு தீர்ந்திருந்தது. அதை என்னிடம் நீட்டினாள், நான் நிரப்பிக் கொடுத்தேன். அத்தான் எண்ணெயோடு வரும் வரை அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். வெளியே யாரோ எங்கள் வாசலுக்குக் கீழே நின்று அத்தானின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அக்கா, "அவரு இல்லீங்க, கடைக்குப் போயிருக்காரு" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே, கடையில் பேசிய அதே குரலில் பதில் கொடுத்தாள். அவளை இன்னும் கொஞ்ச நேரம் அப்படிப் பேசவைக்க வேண்டும்போல எனக்கு இருந்தது.